பசியில் நின்ற இஞ்சின்

2017 செப்டம்பர் 25, திங்கள். காலை 7.40.

கயிறு இழுத்தது முப்பத்தொரு தடவை. ஒரு தடவையும் வெடிக்கவில்லை. உள்ளங்கைத் தோல் போனதுதான் மிச்சம்.

சோளகக் காற்று இன்னும் அடிக்கிறது. பாணில் மணல், தேத்தண்ணியில் மணல். உடப்பு ஊரில் எதைக் கடித்தாலும் நறநற.

படகு இஞ்சின், இருபத்தைந்து குதிரைச் சக்தி. இரண்டு சிலிண்டர். பெற்றோலில் தட்டிக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற சாதி. அத்தான் கட்டாருக்குப் போனதிலிருந்து மூன்று வருடமாக அக்கா வீட்டு முன்னறையில், மர ஸ்டாண்டில், சாமிப் படத்துக்கு நேர் கீழே. அக்காவின் பழைய சேலை சுற்றியிருக்கிறது. மேல்மூடியில் விபூதி மூன்று கோடு, சந்தனம், குங்குமம். கைபிடியில் அக்காவின் சின்ன மகளின் பள்ளிக்கூடப் பை. விழுந்து கும்பிடாத குறைதான். சுத்தம் செய்ய மட்டும் ஒருவருக்கும் கை வரவில்லை.

நிலைமையை ஒரு தரம் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இந்த வீட்டில் நாளுக்கொரு கதை.

படகு அக்காவின் சீதனம், அப்பா இருக்கும்போது கொடுத்தது. இஞ்சின் அத்தானும் அவருடைய அண்ணனும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. அந்த அண்ணன் பெரியத்தான். (இனி பெ.அ. முழுதாக எழுத மை வீண்.) அத்தான் முதல் வருடம் காசு அனுப்பினார். இப்போது போனில் முகம் மட்டும் அனுப்புகிறார். அக்கா அடுத்தவன் வாடியில், கடற்கரை மீன் கொட்டிலில், கருவாடு புரட்டுகிறாள். போதாது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்ட்டிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டாள். அடுத்த செவ்வாய் மெடிக்கல் சோதனை. பிள்ளைகள் இரண்டும் அம்மாவிடம் நிற்குமாம்.

முல்லைத்தீவு வாடியிலிருந்து திரும்பிய சந்திரன் அண்ணன் படகைப் பங்குக்கு எடுக்கக் கேட்டிருக்கிறார். அவரும் அவருடைய தம்பியும் கடலுக்கு ஓடுவார்கள், படகுக்கும் இஞ்சினுக்கும் உள்ள பங்கு அக்காவுக்கு. விஜயதசமியன்று, சனிக்கிழமை, படகைக் கடலில் இறக்க வேண்டும். அதற்குள் இஞ்சின் ஓட வேண்டும். ஓடாவிட்டால் பெ.அ. லொறி கொண்டுவந்து பழைய இரும்பென்று ஏற்றிப் போவார். இது எல்லோரும் முற்றத்தில் நின்று ஒத்துக்கொண்ட கதை.

ஓடினால் அக்கா இங்கே. ஓடாவிட்டால் குவைத்.

எனக்கு ஒரு கிழமை லீவு. நீர்கொழும்பு வேர்க்‌ஷொப் முதலாளி முகத்தை மூன்றாக மடித்துக்கொண்டு தந்தது.

பின்னேரம். மூடியைக் கழற்றினேன். கரப்பான் குடும்பம் ஒன்று வெளியேறியது. உள்ளே வயர் எல்லாம் பச்சை பூத்திருக்கிறது. பிளக் இரண்டும் கறுப்பு, பிசுபிசுப்பு. மணந்து பார்த்தேன். இஞ்சின் எண்ணெய் மணம் இல்லை. என்ன மணமென்று பிடிபடவில்லை. தெரிந்த மணம்.

செப். 26, செவ்வாய்.

மழை இல்லை. நுளம்புக் கடி.

ஸ்பார்க் இருக்கிறது. வயர் முனைகளைச் சுரண்டிப் புதுப் பிளக் போட்டதும் நீலமாக அடிக்கிறது. ஒரு தலையிடி முடிந்தது.

கொம்பிரஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அளவு, மேல் சிலிண்டர் 90, கீழ் சிலிண்டர் 35. முப்பத்தைந்தில் சைக்கிள் பம்ப் கூட வேலை செய்யாது.

காபரேட்டரைத் திறந்தேன். கிண்ணம் நிறைய மண்ணிறப் பசை. பலாப்பால் மாதிரி விரலில் ஒட்டி இழுபடுகிறது. மூன்று வருட மண்ணெண்ணெய். எண்ணெய் வரும் ஜெட் துளை அடியோடு மூடி. நிறுத்தும்போது பெற்றோலுக்கு மாற்றி இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பிறகு குழாயைக் கழற்றி உள்ளே இருப்பது தீரும்வரை விட்டால் இந்தச் சனியன் வராது. கல்லூரிக் கொப்பியில் முதல் பாடம். இங்கே ஒருவனும் செய்ய மாட்டான். ஏனென்று சின்ன வயதிலிருந்து தெரியும். இஞ்சினைப் பசியில் நிறுத்தக் கூடாதாம். எண்ணெய் இல்லாமல் இருமி இருமிச் செத்த இஞ்சின், நடுக்கடலில் வைத்து அதையே நமக்குத் திருப்பிச் செய்யுமாம். ஆகவே வயிறு நிறைய மண்ணெண்ணெயோடு பட்டனை அமத்தி நிறுத்துவார்கள். பிறகு அடுத்த பருவத்தில் மெக்கானிக்கைத் தேடுவார்கள். மெக்கானிக் கள்ளன் என்பார்கள்.

காபரேட்டர் துண்டுகளைத் தின்னரில் ஊறப் போட்டேன். அக்காவின் கறிச்சட்டியில். வேறு சட்டி வாங்க வேண்டும்.

மத்தியானம் அந்த மணம் பிடிபட்டது. அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தா. நல்லெண்ணெய்.

"அம்மா, இதுக்குள்ள ஏதும் விட்டனீங்களா?"

"ஓம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. கோயில் விளக்கில மிச்சம் வாறதைக் கொண்டந்து ஒரு கரண்டி."

"எதுக்குள்ள?"

"அந்த ஓட்டைக்குள்ளதான். மருமகன் பிளக் சாவி தந்து, கழட்டவும் காட்டித் தந்தவர். போற அண்டைக்குச் சொன்னவர், மாமி, இஞ்சினுக்கு எண்ணெய் விட மறக்காதீங்க எண்டு. பசியோட கிடக்கக் கூடாதுதானே மகன்."

"அவர் சொன்னது இஞ்சின் எண்ணெய். ஒரே ஒரு தரம்."

"அது எனக்கு ஆர் சொன்னது? நான் ஒரு வெள்ளி விட்டதில்ல. காய்ச்சல் கிடந்த நேரமும் அக்கா வனிதாட கையில குடுத்து விட்டனான்."

மூன்று வருட வெள்ளிக்கிழமைகள். நல்லெண்ணெய் உறைந்து, கீழ் பிஸ்டனில் ரிங்கெல்லாம் ஒட்டிப் பிடித்திருக்கிறது. ஏச வாய் திறந்தேன். அம்மா திரியைத் திரித்துக்கொண்டே, "நல்ல எண்ணெய்தான், கலப்படமில்ல" என்றா. வாயை மூடிக்கொண்டேன்.

அத்தானுக்கு வொய்ஸ் போட்டேன். பதில்: "மாமிக்கு விளங்குமெண்டு நினைச்சன்." பிறகு ஒரு சிரிக்கிற மூஞ்சி. போனைக் கிணற்றுக்குள் போடலாம் போலிருந்தது.

பெற்றோலும் தின்னரும் கலந்து கீழ் சிலிண்டருக்குள் நிரப்பிவிட்டேன். நாளை வரை ஊறட்டும்.

செப். 27, புதன்.

சாமான் வாங்கச் சிலாபம். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போகிற கூட்டம் வேறு. என் தோளில் ஒரு பெரியவர் நித்திரை, வாயில் வெற்றிலை, என் சேட்டில் சிவப்பு.

வாங்க வேண்டியது: இம்பெல்லர் (தண்ணீர் இழுத்து இஞ்சினைக் குளிர வைக்கிற ரப்பர் சக்கரம், பழையது பப்படம் மாதிரி நொறுங்கியது), காபரேட்டர் பெக்கிங், கியர் எண்ணெய், எண்ணெய்க் குழாய், இரண்டு கிளிப்.

கடைக்காரன் இம்பெல்லரை வைத்தான். பெட்டியில் ஒரு பெயர், ரப்பரில் இன்னொரு பெயர். கேட்டேன்.

"ஒரிஜினல் நே மல்லி. மேக்க ஹொந்தய்."

ஒரிஜினல் இல்லையாம், ஆனால் நல்லதாம், சிங்களத்தில் சொல்கிறான். நல்லதென்றால் ஏன் பெட்டி மாறியிருக்கிறது என்று கேட்டதற்கு, "பெட்டிய ஓட்டப்போறியா?" என்றான், தமிழில். வாங்கினேன். வேறு வழி.

கறிச்சட்டி வாங்க மறந்துவிட்டேன்.

பின்னேரம் கடற்கரைப் பக்கம் பெ.அ. மோட்டார் சைக்கிளில். நிறுத்தினார்.

"என்ன இஞ்சினியர், அந்தப் பிணத்துக்கு உயிர் வந்திட்டுதா?"

"நாளைக்கு வரும்."

"வராது தம்பி. வீணா மினக்கெடாத. லொறிக்காரனுக்குச் சனிக்கிழமை எண்டு சொல்லி வச்சிருக்கன்."

பல்லுக்குள் வறுத்த கடலை வைத்துக் கதைத்தார். ஒன்று என் கன்னத்தில் வந்து ஒட்டியது.

வீட்டுக்கு வந்து இஞ்சின் தலையிலுள்ள பறக்கும் சக்கரத்தைக் (ஃப்ளைவீல்) கையால் சுற்றினேன். ஊறல் நிறைந்து நின்றதில் முதலில் கல். பிறகு அசைந்தது. பிளக் துளை வழியாகத் தேன் மாதிரி ஒரு கழிவு வடிந்தது. முன்னறை முழுக்கக் கோயில் மணமும் தின்னர் மணமும். சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினாள். கொம்பிரஷன் 35 போய் 75. இன்னொரு ஊறல் போட்டிருக்கிறேன்.

செப். 28, வியாழன்.

ஓடியது.

ஒழுங்காக எழுதுகிறேன். காலை கொம்பிரஷன் 85. காபரேட்டர் பூட்டியாயிற்று. ஜெட்டைத் தும்புத்தடி விளக்குமாற்றின் ஒற்றைத் தும்பால் குத்தி வெளிச்சம் பார்த்தேன். இம்பெல்லர் போட்டு, கியர் எண்ணெய் மாற்றி, நீலப் பீப்பாய்ப் பரலை வாய் வெட்டி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, இஞ்சினை முற்றத்துக்குக் கொண்டுவந்து அதற்குள் இறக்கினேன். பக்கத்து வீட்டு ஆண்கள் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். தூக்க ஒருவனும் வரவில்லை. அக்காதான் மறுபக்கம் பிடித்தாள்.

ஐந்தாவது இழுப்பில் இருமியது. ஆறாவதில் பிடித்தது. வெள்ளைப் புகை, ஊர் முழுக்க. ஆனால் குளிர வைக்கிற தண்ணீரைத் துப்பவில்லை. உடனே நிறுத்தி, துப்பும் துளைக்குள் கம்பி விட்டேன். குளவி மண். குத்தி எடுத்துத் திரும்பத் தட்டினேன். துப்பியது. சின்னவள் கையை நீட்டி அந்தத் தண்ணீரைப் பிடித்து, "சுடுது" என்றாள்.

மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். குரல் கொஞ்சம் தடித்தது. பத்து நிமிடம் நின்று ஓடியது.

அக்கா பரலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரல் அதிர, அவள் வளையலும் அதிர்ந்தது. நான் மறுபக்கம் பார்த்தேன்.

பிறகு நிறுத்தும் வேலை. பெற்றோலுக்கு மாற்றி, குழாயைக் கழற்றினேன். சத்தம் ஏறி, தடுமாறி, இரண்டு இருமல், நின்றது. அம்மா அகப்பையோடு ஓடி வந்தா.

"என்ன செய்தனீ?"

"நிப்பாட்டினன்."

"பசியிலயா?"

"இதுதான் சரியான முறை. உள்ளுக்கு எண்ணெய் நிண்டதாலதான் இவ்வளவு வேலை. பாத்தனீங்கதானே பசையை?"

"வீட்டில மூண்டு வருசம் ஒரு நாள் பசி கிடக்க விடல்ல நான். நீ வந்து நாலாம் நாள் சாகடிச்சிட்டாய்."

அழுதா. உண்மையான கண்ணீர், ஒரு இருபத்தைந்து குதிரைக்கு. சோதித்துப் பார்க்க இன்னும் இரண்டு தரம் தட்டினேன், இரண்டு தரமும் அப்படியே நிறுத்தினேன். பிடிவாதமும் இருந்தது, மறைக்கவில்லை. வேலிக்கு மேலால் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

செப். 29, வெள்ளி. ஆயுத பூசை.

காற்று கொஞ்சம் தணிந்திருக்கிறது.

சாமிப் படத்துக்கு முன் பள்ளிக்கூடப் புத்தகங்கள், அக்காவின் மீன் கத்தி, என் ஸ்பானர்கள். இஞ்சினுக்குப் புதுப் பொட்டு. அம்மா என்னோடு கதைக்கவில்லை, ஆனால் சுண்டல் மட்டும் கூடுதலாக வைத்தா.

பத்து மணிக்கு பெ.அ. லொறியும் இரண்டு ஆட்களும். சனிக்கிழமை என்றவர் ஒரு நாள் முந்தி வந்திருக்கிறார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"ஓடுதாமே?"

"ஓடும்."

"தட்டு பாப்பம்."

நான் மடையன். தட்டிக் காட்டினேன். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. பெ.அ. தலையைச் சரித்து, கச்சேரி கேட்கிற மாதிரிக் கேட்டார். பட்டனை அமத்தி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"நல்ல சத்தம். ஏத்துங்கடா."

"ஓடாட்டித்தான் ஏத்துறது எண்டு கதை."

"அது பழைய இரும்பெண்டு நினைச்ச நேரத்துக் கதை. ஓடுற இஞ்சினை ஆராவது முன்னறையில வைச்சுப் பூப்போடுவானா? என்ட மகன்ட படகு இஞ்சினில்லாமக் கிடக்கு. பாதி என்ட. மத்தப் பாதிக்கு என்ட தம்பியோட நான் கதைச்சுக்கொள்ளுறன்."

நாலு நாள் நான் செய்த வேலை இந்த ஆளுக்காக. பழைய இரும்பாகவே விட்டிருந்தால் ஒருவேளை இழுத்தடித்திருப்பார். பழுது பார்த்து, துடைத்து, தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா அத்தானுக்கு வீடியோ கோல் எடுத்தாள். அவர் கட்டிலில் குந்தியிருந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணனுக்குக் குடு வனிதா. பிறகு பாப்பம்."

"பிறகெண்டா எப்ப?"

வாய் திறந்தபடி படம் நின்றுவிட்டது. சிக்னலோ ஆளோ தெரியாது. வாய்க்குள் சோறு தெரிந்தது. அக்கா போனை அலுமாரிக்கு மேல் கவிழ்த்து வைத்தாள்.

"கொண்டு போங்க பெரியத்தான்."

நான் வாயெடுக்க முதல் கையைக் காட்டினாள்.

"ஆனா ஒண்டு. நாளைக்குச் சொல்லேல்ல எண்டு வரக் கூடாது. உங்கட மகன்தானே கடலுக்குக் கொண்டு போறது. நேத்துத் தம்பி இதை மூண்டு தரம் பசியில நிப்பாட்டினவன். அக்கம் பக்கம் எல்லாம் பாத்தது. கேட்டுப் பாருங்க."

பெ.அ. என்னைப் பார்த்தார்.

"மெய்யா?"

"மெய்தான். அப்படித்தான் நிப்பாட்ட வேணும். காபரேட்டருக்குள்ள..."

"மூண்டு தரமா?"

"மூண்டு."

லொறி ஆட்கள் இரண்டு பேரும் இஞ்சினில் இருந்து கையை எடுத்துவிட்டார்கள், ஒருவரும் சொல்லாமலே. ஒருவன் இடுப்புச் சாரத்தில் துடைத்தான். பெ.அ. அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்து, "என்ட வயித்தில பிறந்தது இப்பிடி" என்றா. சாட்சி முடிந்தது.

"வேற இஞ்சின் பாக்கலாம்," என்றார் பெ.அ., யாருக்கோ. சுண்டலை மட்டும் இலையோடு வாங்கிக்கொண்டு லொறியில் ஏறினார். வாசல் தாண்டும்போது பின்னால் திரும்பாமல் போனார்.

சிரித்தேன். நான் செய்ததில் சரியான ஒரே வேலை அந்தக் குழாயைக் கழற்றியது. அதுதான் இந்த ஊரில் சூனியமாகப் போய்விட்டது. அக்கா சோறு போட்டாள். நன்றாகச் சாப்பிட்டாள், கன நாளுக்குப் பிறகு.

செப். 30, சனி. விஜயதசமி.

கடல் பால் மாதிரி. ஊரில் முக்கால்வாசிப் படகு இறங்கிவிட்டது. எங்களுடையது கரையில், வயிற்றைக் காட்டிக்கொண்டு.

சந்திரன் அண்ணன் ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னவர், எட்டரைக்கு வந்தார். வலை இல்லை. வெள்ளைச் சேட். சேட்டைப் பார்த்ததுமே தெரிந்தது, கடலுக்கு இல்லை.

கதிரையில் குந்தினார். தேத்தண்ணி குடித்தார். பிள்ளைகள் எத்தனையாம் வகுப்பென்று கேட்டார். முல்லைத்தீவில் இம்முறை காற்று எப்படியென்று சொன்னார்.

"அண்ணே, இறக்குறமா இல்லையா?"

"எனக்கு அப்பிடி ஒண்டும் இல்ல தம்பி. நான் இதுகளை நம்புற ஆளில்ல. பொண்டாட்டிதான்..."

"பொண்டாட்டியா கடலுக்கு வாறா?"

"அதில்ல. என்ட தம்பியும் ஒரு மாதிரி நிக்கிறான்."

காபரேட்டர் கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினேன். சட்டியில் மிச்சமிருந்த பசையைக் காட்டினேன். மண்ணெண்ணெய் எப்படி உறைகிறது, ஏன் குழாயைக் கழற்றுவது, பரலில் எத்தனை நிமிடம் ஓடியது, எல்லாம். தலையாட்டி, தலையாட்டிக் கேட்டார்.

"நல்லா விளங்குது தம்பி."

"அப்ப?"

"விளங்குது. ஆனா கடலில நிக்கேக்க இதெல்லாம் ஞாபகம் வராது. மத்ததுதான் வரும்."

அடுத்த ஆடிக்கு அம்மன் கோயிலில் ஏதாவது செய்து தோஷம் கழித்துவிட்டால் பார்க்கலாமாம். அடுத்த ஆடி. அதற்குள் அக்கா குவைத்தில் யாருடைய வீட்டுக் கக்கூசையோ கழுவிக்கொண்டிருப்பாள். அதைச் சொன்னேன், அப்படியே. அவர் முகம் கறுத்தது. அக்கா, "விடு தம்பி" என்றாள்.

வேலிப் படலை வரை போனவர் திரும்பி வந்தார். மாம்புரியில் ஒரு வேதக்காரர் (கிறிஸ்தவர்), அந்தோனி, படகு இல்லாமல் பங்குக்கு அலைகிறாராம். நல்ல ஓட்டி. "அவங்களுக்கு இந்தக் கணக்கு இல்ல," என்றார். கொஞ்சம் நின்று, "வேற கணக்கு இருக்கும்" என்றார்.

அவர் போனபின் அக்காவிடம் கேட்டேன், நேற்றுச் சொல்லும்போதே சந்திரன் அண்ணனும் போவாரென்று தெரியுமா என்று.

"தெரியும்."

"பிறகேன்?"

"இஞ்சின் வீட்டில கிடந்தா ஆள் தேடலாம். இஞ்சின் போனபிறகு ஆள் வந்து நிண்டு என்ன செய்ய?"

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவன். இது எனக்குத் தோன்றவில்லை.

"செவ்வாய்க்கிழமை மெடிக்கலுக்குப் போவியா?"

"நீ சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் வாடிக்குக் கருவாடு புரட்டப் போய்விட்டாள்.

செய்ய வேண்டியது:

1. நாளை விடிய மாம்புரி. அந்தோனியிடம் குழாய் கழற்றிய கதையை நானே முதலில் சொல்வது. வேறு வாயால் போக முதல்.

2. முதலாளிக்குப் போன். ஒரு மாத லீவு. தராவிட்டால் வேலை அவரிடமே இருக்கட்டும்.

3. திங்கள் ஏஜென்ட். கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டுதான் எழும்புவது. கத்தக் கூடாது. முதல் பத்து நிமிடமாவது.

4. அந்தோனி மாட்டேன் என்றால் நான்தான் ஓட்டி. வலைக்கு ஒரு ஆள் பிடிக்க வேண்டும். கரை மறைந்தால் எனக்கு வாந்தி வரும், கடலுக்குப் போன இரண்டு தரமும் வந்தது. வரட்டும்.